மெத்திலீன் ப்ளூவுடன் 11 வருடம்: ஒரு பால் லேபின் அனுபவம்

பால் குளிரூட்டும் நிலையத்தின் லேபில் நான் சேர்ந்து 11 வருடம் ஆகிறது. இத்தனை வருடமும் காலையில் முதலில் கை போவது மெத்திலீன் ப்ளூ கரைசலிடம்தான். 1876-இல் ஜெர்மனியில் ஹைன்ரிஹ் காரோ துணிக்குச் சாயமாகத் தயாரித்த பொருள் இது. எங்களுக்கு வேண்டியது இதன் ஒரே குணம். பாலில் ஆக்சிஜன் இருக்கும்வரை நீலமாக நிற்கும். கிருமிகள் பெருகி ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால் வெளுத்துப்போகும்.

சோதனைக் குழாயில் 10 மி.லி. பால் எடுத்து, 1 மி.லி. கரைசல் விட்டு, ரப்பர் கார்க் போட்டு, 37 டிகிரி செல்சியஸ் வாட்டர் பாத்தில் (சூடு மாறாத தண்ணீர்த் தொட்டி) வைப்போம். 5 மணி நேரம் தாண்டியும் நீலம் நின்றால் மிக நல்ல பால். அரை மணியிலேயே வெளுத்தால் மோசமான பால்.

ஒரு சித்திரை மாதம். ஒரு சொசைட்டியின் பால் ஒரு வாரமாக ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தி) அளவு, கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எல்லாம் சரியாக இருந்தன, வாடையும் இல்லை. கறவைக்காரர்கள் மேல் பழி விழுவதற்குள் நேரில் போய்ப் பார்த்தோம். கேன் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றினால், அடியில் பழைய பால் மஞ்சளாகக் காய்ந்து பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. கேனைத் தினமும் கழுவியிருக்கிறார்கள், வளையத்தை யாரும் கழற்றவில்லை. வெந்நீரில் கழுவச் சொன்ன பிறகு அதே பால் 4 மணி நேரம் நின்றது. இந்தச் சாயத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

இதைப் பக்குவமாகக் கையாள வேண்டும். சேர்ந்த புதிதில், வெளுத்த குழாயை எடுத்து நன்றாகக் குலுக்கிவிட்டேன். காற்று கலந்ததும் மறுபடி நீலம் ஏறிவிட்டது, அந்தச் சாம்பிளே வீண். மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். மேற்பரப்பில் காற்று படும் இடத்தில் மெல்லிய நீல வளையம் கடைசிவரை இருக்கும், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. வெயில் படும் ஜன்னலோரம் குழாய்களை வைக்காதீர்கள். கொதிக்கவைத்து ஆற்றிய பாலில் சாயம் விட்ட ஒரு ஒப்பீட்டுக் குழாயைப் பக்கத்தில் கட்டாயம் வையுங்கள். அது இல்லாமல் முடிவு சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. நன்கு குளிரூட்டிய பாலில் வளரும் கிருமிகள் சாயத்தை லேசில் வெளுக்கவைப்பதில்லை. மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டிருந்தாலும், பால் கெடாமலிருக்க எதையாவது கலந்திருந்தாலும் நீலம் நெடுநேரம் நிற்கும். "நிறம் நிற்கிறதே, நல்ல பால்தானே" என்று யாராவது கேட்டால், மற்ற பரிசோதனைகள் முடியட்டும் என்றுதான் சொல்வேன்.

அப்புறம், வாங்குகிறவர்களுக்கு. 100 மி.லி. தண்ணீருக்கு 5 மில்லிகிராம் தூள் போதும். 25 கிராம் பாட்டில் வாங்கினால் 500 லிட்டர் கரைசல் வரும், தீர்வதற்குள் காலாவதித் தேதி வந்துவிடும். சின்ன பாட்டிலாக வாங்குங்கள். கரைசலைப் பழுப்புநிற பாட்டிலில் ஊற்றி இருட்டான இடத்தில் வைத்து, வாரம் ஒருமுறை புதிதாகத் தயாரித்துக்கொள்ளுங்கள். விரலில் பட்டால் சோப்புக்கு அசையாது, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் உடனே துடைத்துவிடுங்கள்.