மலையில் ஒன்று, வீட்டில் ஒன்று: ஆப்சிடியன் குறிப்புகளோடு மூன்று வருஷம்

சேலம் கன்னங்குறிச்சி வீட்டில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. அதில் பெரும்பாலும் உட்காருவது என் மனைவி. ஏற்காட்டில் மாமனாரின் நாலு ஏக்கர் காப்பித் தோட்டத்து வீட்டில் ஒரு பழைய லேப்டாப். முன்பு அதைப் பையில் போட்டு மேலும் கீழும் கொண்டுபோய் வந்துகொண்டிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸில் ஆடி ஆடி, மூடியின் கீல் ஒரு பக்கம் விட்டுப்போனது. அதிலிருந்து அது மலைவாசி.

இரண்டு இடத்திலும் ஒரே குறிப்புகள் வேண்டும். மழை அளவு, ஆள் கணக்கு, எந்தக் காட்டுக்கு எப்போது உரம் வைத்தோம், தண்டுத் துளைப்பான் விழுந்த செடிகளை எங்கே பிடுங்கினோம், மிளகு குத்தகை யாருக்கு என்பதெல்லாம். மாமனாருக்கு இதற்கெல்லாம் ஒரு நீள நோட்டு உண்டு. தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்து, தோட்டக்காரர்களின் பழைய வழக்கப்படி இன்ச், சென்ட் கணக்கில் எழுதுவார். ‘ஒன்னு இருபது’ என்றால் ஒரு இன்ச் இருபது சென்ட். நாங்கள் கணினிக்கு மாறிய பிறகும் அவர் அந்த நோட்டை விடவில்லை. விடாதது எவ்வளவு நல்லது என்று பின்னால் தெரிந்தது.

ஆப்சிடியன் என்ற குறிப்புச் செயலியை எடுத்ததற்கு ஒரே காரணம்தான். அதில் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக நம் கணினியிலேயே ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும். நாளைக்கு அந்தச் செயலியே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படித்துக்கொள்ளலாம். தமிழும் சிக்கல் இல்லாமல் தெரிகிறது. கணினிகளை இணைக்க அவர்களே மாதக் கட்டணத்தில் ஒரு சேவை வைத்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒழுங்கான இணையம் இருந்து, கட்டணமும் உறுத்தாதவர்கள் அதை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். எனக்கு மாதாமாதம் டாலரில் பணம் போவதைப் பார்க்க மனசு வரவில்லை. கஞ்சத்தனம்தான், வேறென்ன.

முதல் ஒன்பது மாதம் பென்டிரைவ். எதில் இருப்பது புதுசு என்ற குழப்பத்திலேயே அது முடிந்தது. அப்புறம் ஒரு கிளவுட் சேவையின் ஃபோல்டரில் வைத்தேன். இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று அது கோப்பின் பெயரை மட்டும் லேப்டாப்பில் காட்டிவிட்டு, உள்ளடக்கத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மலையில் சிக்னல் இல்லாத நாளில் குறிப்பைத் தொட்டால் திறக்காது. அந்த வசதியை நிறுத்த ஒரு வழி இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் வெறுத்துவிட்டது.

கடைசியாக வந்து சேர்ந்தது சிங்க்திங். இலவசம், திறமூல மென்பொருள். நடுவில் எந்தக் கம்பெனியின் கணினியிலும் நம் கோப்பு தங்காது. நம் கணினிகள் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளமான அடையாளக் குறி உண்டு. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டால்தான் பேச்சு தொடங்கும். ஒரே வைஃபையில் இருந்தால் வெளி இணையமே வேண்டாம். மலையில் நான் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில்தான் இணைகிறேன், அதுவும் காப்பி காயப்போடும் களத்தின் வடக்கு மூலையில் நின்றால்தான் சிக்னல். அந்த மாதிரி இணைப்பில் நேர்வழி பல சமயம் கிடைக்காது, ரிலே என்ற இடைக் கணினி வழியாகச் சுற்றிப் போகும். போவதெல்லாம் மறையாக்கப்பட்டிருப்பதால் நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. வேகம் குறைவுதான், ஆனால் எழுத்துக்கு என்ன கனம்? ஒரு வருஷ மழைக் கணக்கு முழுவதும் சேர்த்தாலும் கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தின் அளவு வராது.

வேகம் பிரச்சினையே இல்லை. இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை, அதுதான் பிரச்சினை. நான் மலையில் விடியற்காலை ஆறு மணிக்கு எழுதுவேன். மனைவி வீட்டில் இரவு ஒன்பதுக்கு மேல் உட்காருவாள். இரண்டும் சந்திக்காமலே நாட்கள் போகும். கொஞ்ச காலம் எங்கள் சிங்க், அதாவது இரண்டு பக்கமும் குறிப்புகளை ஒன்றாக்குவது, நடந்த விதம் இதுதான்: “ஏங்க, சிஸ்டத்தை ஆன் பண்ணி வெச்சிருக்கேன், அனுப்பிட்டீங்களா?” என்று அவள் போன் செய்வாள். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு களத்து மூலைக்கு ஓடுவேன். இதற்குப் பேசாமல் போனிலேயே கணக்கைச் சொல்லியிருக்கலாம்.

ஆக, எப்போதும் தூங்காத மூன்றாவது ஆள் ஒருவர் தேவைப்பட்டார். ஒரு ராஸ்பெரி பை வாங்கி, வீட்டு ரவுட்டர் பக்கத்திலேயே இன்வெர்ட்டர் லைனில் மாட்டினேன். உள்ளங்கை அளவு கணினி, திரை கிடையாது, லினக்ஸ் ஓடுகிறது. இவள் இரவில் எழுதியதை அது வாங்கி வைத்துக்கொள்ளும், காலையில் நான் கேட்டால் கொடுக்கும். சிங்க்திங் வைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: இரண்டு கணினி என்றால் மூன்றாகப் போடுங்கள்.

சரி, பட்ட பாட்டுக்கு வருகிறேன்.

ஓர் ஐப்பசி மழையில் சில்வர் ஓக் கிளை ஒடிந்து லைன் மேல் விழுந்து, தோட்டத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லை. லேப்டாப்பின் பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. கரண்ட் வந்ததும் போட்டேன், மாமனாரின் நோட்டைப் பார்த்து மூன்று நாள் மழையையும் அடித்து வைத்தேன். திரையின் மூலையில் தேதி 2015 ஜனவரி 1 என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி செத்திருக்கிறது. இணையம் இருந்தால் விண்டோஸ் நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், அன்றைக்கு டவரும் இல்லை.

அதே நாட்களில் மனைவி வீட்டிலிருந்து அதே மழைக் குறிப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சிக்னல் வந்தது, இரண்டும் சந்தித்தன. ஒரே கோப்பு இரண்டு பக்கமும் தனித்தனியாக மாறியிருந்தால் சிங்க்திங் எதையும் அழிக்காது. ஆனால் எது கடைசியாகத் திருத்தப்பட்டது என்று நேரத்தைப் பார்த்து, புதியதை அசல் பெயரில் வைக்கும். பழையதன் பெயரோடு ‘சிங்க் கான்ஃப்ளிக்ட்’ (சிங்க் மோதல்) என்று தேதி, நேரமெல்லாம் ஒட்டி ஓரமாக வைக்கும். என்னுடையது 2015-இல் எழுதியதாயிற்றே! அவளுடைய ஒரு வரி நின்றது, என்னுடைய மூன்று நாள் மழை ஓரத்துக்குப் போனது. பட்டியலில் இருந்த நூற்றுக்கணக்கான பெயர்களில் இந்த விநோதப் பெயர் என் கண்ணில் படவே இல்லை.

கார்த்திகை பிறந்ததும் மாமனார் மாதக் கூட்டுத்தொகையை நோட்டோடு ஒத்துப் பார்த்தார். “மாப்பிள்ளை, ஐப்பசில பேஞ்ச மூணு நாள் மழைய உங்க பொட்டி குடிச்சுப்போடுச்சுங்களா?” என்றார். தேடிப் பார்த்ததில் ஓரத்தில் பத்திரமாக இருந்தது. நாலு ரோடு பக்கம் ஒரு ரிப்பேர் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு அந்தப் பேட்டரியை மாற்றினேன். இப்போது வாரத்துக்கு ஒரு முறை ஆப்சிடியனின் தேடல் பெட்டியில் ‘கான்ஃப்ளிக்ட்’ என்று போட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

அடுத்தது தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே வரும் சங்கடம். நான் குறிப்புகளுக்கு நீளமாகத் தலைப்பு வைப்பேன், தலைப்புதான் கோப்பின் பெயர். ஒரு நாள் ‘மார்ச் பூ மழைக்குப் பிறகு மேல்காட்டு அராபிகாவில் பூ விரிந்ததும் கீழ்க்காட்டு ரொபஸ்டாவில் விரியாததும் ஏன்’ என்று ஒன்று எழுதினேன். மேசைக் கணினி ஒன்றும் சொல்லவில்லை. ராஸ்பெரி பை மட்டும் அதை வாங்க மறுத்தது. ஒரே ஒரு கோப்பு மூன்று நாளாக நிலுவையில் நின்றது, பை வாங்காததால் மலைக்கும் போகவில்லை. விஷயம் இதுதான்: விண்டோஸில் பெயரின் நீளத்துக்கு 255 குறியீடுகள் என்று வரம்பு, லினக்ஸில் 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ‘க’வுக்கு மூன்று, ‘கி’க்கு ஆறு. ஆக, ஐம்பது அறுபது எழுத்து தாண்டும்போதே லினக்ஸ் கையை விரித்துவிடும். நம் ஆட்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. தலைப்பை ‘மேல்காடு பூ, கீழ்க்காடு பூ’ என்று சுருக்கினேன், அடுத்த நிமிடமே போய்ச் சேர்ந்தது. (ரொபஸ்டா ஏன் விரியவில்லை என்பது இன்னும் முடிவாகவில்லை. மாமனார் மழை போதவில்லை என்கிறார்.)

எந்தக் குறிப்பு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதை ஆப்சிடியன் ‘வொர்க்ஸ்பேஸ்’ என்ற கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். அதையும் சிங்க் செய்யவிட்டால் தினமும் வெட்டியாக மோதல் பிரதிகள் முளைக்கும். சிங்க்திங்கின் விலக்குப் பட்டியலில் அதைச் சேர்த்துவிடுங்கள். அந்தப் பட்டியல் தானாக மற்றக் கணினிகளுக்குப் போகாது, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் போடவேண்டும். எனக்கு இது உறைக்க ஒரு மாதம் ஆயிற்று.

சிங்க் என்பது பேக்கப் ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் தலையாட்டுவேன். ஒரு நாள் மனைவி ‘பழசு’ என்று பெயரிட்ட ஃபோல்டரை, பழசுதானே என்று அழித்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை, அந்தப் பெயரை வைத்தவன் நான். ராஸ்பெரி பையிலிருந்து உடனே போயிற்று, மறுநாள் காலை மலையிலிருந்தும் போயிற்று. நல்லவேளையாக, பையில் மட்டும் பழைய பிரதிகளைச் சேமிக்கும் வசதியைப் போட்டிருந்தேன். அதில் ஒரு ரகம் உண்டு: முதல் ஒரு மணி நேரத்துக்கு அரை நிமிடத்துக்கு ஒன்று, அன்றைய நாளுக்கு மணிக்கு ஒன்று, முப்பது நாள் வரை நாளுக்கு ஒன்று, அப்புறம் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளும். இன்னொரு கணினியிலிருந்து வரும் மாற்றத்துக்குத்தான் இது பிரதி எடுக்கும். அதே கணினியில் நாமே அழித்தால் எடுக்காது. பையில் யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை, வருவதெல்லாம் வெளியிலிருந்துதான். அதனால் அதற்குப் பொருத்தமான இடம் அதுவே. ஃபோல்டர் முழுசாகத் திரும்பக் கிடைத்தது. பழைய பென்டிரைவுக்கும் இப்போது வேலை வந்துவிட்டது, மாதக் கடைசியில் மொத்தத்தையும் அதில் நகலெடுத்து பீரோவில் வைக்கிறேன்.

கைப்பேசியில் இதைப் போட முயலவில்லை. ஆண்ட்ராய்டுக்கு சிங்க்திங்காரர்கள் தந்துவந்த செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. வேறு ஆட்கள் அதைப் பிரித்து எடுத்து நடத்துகிறார்கள் என்றாலும், எனக்கு இரண்டு கீபோர்டே போதும்.

மோதல் குறைந்ததற்கு உண்மையான காரணம் எந்த அமைப்பும் இல்லை. குறிப்புகளைப் பங்கு பிரித்துக்கொண்டோம், அவ்வளவுதான். மழையும் ஆள் கணக்கும் மலையில் மட்டும் எழுதுவது, விற்பனையும் செலவும் வீட்டில் மட்டும். மற்றவருடையதைப் படிக்கலாம், தொடக்கூடாது. இரண்டு பேரும் கை வைக்கும் ஒரே குறிப்பு, சனிக்கிழமை அவள் மலைக்கு வரும்போது கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியல்.

போன பொங்கல் சமயம், பழம் பறிப்பு மும்முரமாக இருந்தபோது, அதில்தான் மாட்டினோம். வெள்ளிக்கிழமை விடியற்காலை சிக்னல் இல்லாத நேரத்தில் நான் ‘பல்ப்பருக்கு பெல்ட்’ (காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷினுக்கு) என்று எழுதினேன். அன்று இரவு அவள் அதே பட்டியலில் ‘தட்டுவடை ரெண்டு பாக்கெட்’ என்று சேர்த்தாள். இரண்டும் சந்தித்தபோது கடைசியாக எழுதியது அவளுடையது. கடிகாரமெல்லாம் சரியாகத்தான் ஓடியது. சனிக்கிழமை மத்தியானம் தட்டுவடை வந்து சேர்ந்தது.