நாலு வருஷமாக எங்கள் வீட்டில் இருக்கும் கீபோர்டு

எங்கள் தாத்தா கூத்தில் பெட்டி வாசித்தவர். பென்னாகரம் பக்கத்து ஊர்களில் பாரதம் வைத்தால் ராத்திரி முழுக்க அவருடைய ஆர்மோனியம் கேட்கும். வலது கை கட்டைகள் மேல் ஓடும், இடது கை துருத்தியை விட்டு நகராது. பாஞ்சாலி அழும்போது காற்றைக் குறைப்பார், சண்டைக் கட்டம் வந்தால் ஏற்றுவார். பாட்டுக்கு உயிர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நான் அந்த இடது கையைத்தான் காட்டுவேன். ஆனால் மகளுக்குக் கீபோர்டு வாங்கும்போது அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

2020 கடைசியில், அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, ஆன்லைனில் மூன்றாயிரத்துக்குள் ஒன்று வாங்கினேன். கூடவே மைக் கொடுத்தார்கள், நூற்றுக்கணக்கில் டோன், அதாவது வெவ்வேறு வாத்தியங்களின் சத்தம், என்று பெட்டியில் போட்டிருந்தது. கட்டைகள் அகலம் குறைவு. மெதுவாகத் தொட்டாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம். ஒரு கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அழுத்துவது) பிடித்து அதன்மேல் மெட்டு வாசித்தால் ஒரு சுரம் காணாமல் போகும். இரண்டு மாதத்தில் அவள் அதைத் திறப்பதையே விட்டுவிட்டாள். பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டது என்று நினைத்தோம்.

கீபோர்டு சொல்லித்தரும் மாஸ்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், டோன் எத்தனைன்னு பார்க்காதீங்க. கடையில ஒரே கட்டைய மெதுவா ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை தட்டுங்க. வித்தியாசம் கேட்டா எடுங்க, இல்லைன்னா வந்துடுங்க." பட்ஜெட்டில் கீபோர்டு தேடும் யாருக்கும் நான் முதலில் சொல்வதும் இதுதான். இதை டச் ரெஸ்பான்ஸ் என்கிறார்கள். ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். கட்டை இறங்கும்போது முதல் புள்ளிக்கும் இரண்டாவதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது என்று கருவி அளக்கிறது. வேகமாக இறங்கினால் பலத்த சத்தம், மெதுவாக இறங்கினால் மெல்லிய சத்தம். தாத்தாவின் துருத்தி செய்த வேலையை இங்கே விரலே செய்தாக வேண்டும். அது இல்லாத கருவியில் பிள்ளை நாலு வருஷம் பழகினால், அழுத்தத்தைக் கேட்காத விரலோடுதான் வளரும்.

இன்னொன்று கட்டையின் அளவு. 61 கட்டை, அதாவது 36 வெள்ளை, 25 கருப்பு, முழு அளவில் இருக்க வேண்டும். 44 சின்னக் கட்டை உள்ளவை விலை குறைவுதான், குழந்தைக்கு விளையாட நல்லதுதான். அதில் பழகிய கை பெரிய கருவிக்கு மாறும்போது ஒவ்வொரு தாவலும் தப்பும்.

2021 ஜூலையில் சேலம் போய் கேசியோ சிடி-எஸ்300 வாங்கினோம். பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. இதே வரிசையில் எஸ்100, எஸ்200 என்று விலை குறைந்தவை உண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் அவற்றில் டச் ரெஸ்பான்ஸ் கிடையாது. யமஹாவிலும் அப்படித்தான்: பிஎஸ்ஆர்-ஈ273இல் இல்லை, ஈ373இல் உண்டு. ஈ373 நல்ல கருவி, யூஎஸ்பி வழியாகச் சத்தமே கணினிக்குப் போகும். எஸ்300இன் யூஎஸ்பியில் எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற மிடி தகவல் மட்டும்தான் போகும். வாசிப்பதைப் பதிவு செய்வது உங்களுக்கு முக்கியம் என்றால் ஈ373க்குப் பணம் சேர்ப்பது நியாயம். எங்களுக்கு வீட்டுப் பயிற்சிதான் முக்கியம், மிச்சப் பணத்தில் ஸ்டாண்டும் பெடலும் வாங்கலாம் என்று பட்டது. எடை மூன்றே கால் கிலோ சுமார்தான், உடம்போடு சேர்ந்த கைப்பிடி இருக்கிறது. தொப்பூர் கணவாய் வழியாகப் பஸ்ஸில் மடியில் வைத்தே இலக்கியம்பட்டிக்குக் கொண்டுவந்தோம்.

முதல் வாரத்திலேயே மாற்றம் தெரிந்தது. ஆரம்பப் பாடமான சரளி வரிசையை அவள் ஒரு தடவை ரகசியம் பேசுவது போல வாசித்துவிட்டு, அடுத்த தடவை சத்தமாக வாசித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. கை வைத்ததும் கருவி பதில் சொல்கிறது என்று தெரிந்ததும் அவளாகவே தேட ஆரம்பித்துவிட்டாள். ஆர்வம் போனது பிள்ளையால் இல்லை, பழைய கருவியால்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இதில் 400 டோன், 77 ரிதம் உண்டு. நாலு வருஷத்தில் நாங்கள் தொட்டது ஏழெட்டு டோன். பியானோ, ஆர்கன், ஸ்டிரிங்ஸ், அப்புறம் புல்லாங்குழல். ரிதம் பெட்டியைத் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் மாதிரிதான் பயன்படுத்துகிறோம்.

அதிகம் உதவியது டிரான்ஸ்போஸ், அதாவது விரல் வைக்கும் இடத்தை மாற்றாமல் கேட்கும் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும் வசதி. அவள் பாடுவது ஐந்தரைக் கட்டைச் சுருதி. அந்தச் சுருதியில் மாயாமாளவகௌளை ராகம் வாசிக்க விரல் சிக்கும். ஒரு கட்டைச் சுருதியில் வைத்தால் ரிஷபமும் தைவதமும் மட்டும் கருப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. டிரான்ஸ்போஸை நாலு அரைச்சுரம் இறக்கிவிட்டால் ஒரு கட்டையில் வாசிப்பது ஐந்தரையில் கேட்கும். மாஸ்டருக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது, விரல் சோம்பேறி ஆகும் என்பார். அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. அதனால் பாடும்போது மட்டும் டிரான்ஸ்போஸ், பயிற்சியில் கிடையாது என்று வைத்திருக்கிறோம்.

இடது ஓரத்தில் ஒரு பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்கிறது. சுரத்தை வழுக்கிக்கொண்டு போக அது வேண்டும். கமகம், அதாவது சுரத்தை அசைத்து வழுக்கி வாசிப்பது, வராது என்பதைக் காரணமாகச் சொல்லித்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது, 1971 வரை அது நீடித்தது. சக்கரத்தால் வீணையின் கமகம் வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் புல்லாங்குழல் டோனில் இடது கையால் அதை லேசாக அசைத்து அவள் மோகன ராகம் வாசிக்கும்போது தாத்தா கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றும்.

எங்களுடையது வாடகை வீடு, மாடியில் வீட்டுக்காரம்மா. ராத்திரி எட்டரைக்கு மேல் ஹெட்போன்தான். சாதாரண 3.5 மில்லிமீட்டர் பின் போதும், தனி மாற்றி வாங்க வேண்டியதில்லை. கரண்ட் போனால் ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும். கோடையில் இது எத்தனையோ பாடங்களைக் காப்பாற்றியது.

அடாப்டர் விஷயத்தில் கவனமாக இருங்கள். எங்கள் அடாப்டர் ஒயரை எலி கடித்துவிட்டது. போய்க் கேட்ட கடையில் பின் பொருந்துகிறது என்று 12 வோல்ட் ஒன்றை நீட்டினார்கள். எஸ்300க்கு 9.5 வோல்ட். பின் பொருந்துவதும் வோல்ட் பொருந்துவதும் வேறு வேறு. எழுதியிருப்பதைப் படித்ததால் கருவி பிழைத்தது.

ரோட்டோர வீடு என்பதால் தூசி அதிகம். கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் தொடுபுள்ளியில் தூசி படிந்தால் சுரம் விட்டுவிட்டு வரும், அல்லது திடீரென்று கத்தும். பழைய வேட்டியை நாலாக மடித்துப் போர்த்துகிறோம், வாரம் ஒருமுறை பெயிண்ட் பிரஷால் இடுக்குகளைத் தட்டுகிறோம். இன்றுவரை 61 கட்டையும் பேசுகின்றன.

ஸ்டாண்டு வாங்கும் முன்பு தரையில் உட்கார்ந்து முக்காலி மேல் வைத்துத்தான் வாசித்தாள். மணிக்கட்டு வலி என்றாள். அம்மாவின் தையல் மெஷின் மேசைக்கு மாற்றினோம், முழங்கையும் கட்டையும் ஒரே மட்டத்துக்கு வந்தன, வலி நின்றது. ஸ்டாண்டுக்குக் காசு இல்லாவிட்டால் இப்படி ஒரு மேசை போதும்.

இதனால் ஆகாததும் உண்டு. போன டிசம்பரில் பெங்களூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் 88 கட்டைப் பியானோவில் உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் விரல் ஓய்ந்துவிட்டது. பியானோவின் கட்டை கனமாக இறங்கும், இந்த விலையில் வரும் கீபோர்டுகளில் அந்தக் கனம் இருக்காது. டிரினிட்டி இசைத் தேர்விலும் பியானோ வேறு, எலக்ட்ரானிக் கீபோர்டு வேறு. பிள்ளை பியானோவுக்குத்தான் போகப் போகிறாள் என்று முதலிலேயே தெரிந்தால், காத்திருந்து கனமான கட்டை உள்ள டிஜிட்டல் பியானோவுக்குச் சேர்ப்பது நல்லது. அதற்கு இதைப்போல மூன்று நாலு மடங்கு ஆகும்.

அவள் இப்போது அதைத்தான் கேட்கிறாள். பெங்களூரில் யாராவது பழையது விற்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் எஸ்300 பென்னாகரத்தில் இருக்கும் தங்கை மகனுக்குப் போகும். அவன் இப்போதே ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதன் முன்னால்தான் உட்காருகிறான்.