அங்கன்வாடியா, மாநகராட்சிப் பள்ளி எல்கேஜியா?

தனியார் ப்ளே ஸ்கூல் பீஸைக் கேட்டு மலைத்து நிற்கும் சென்னைப் பெற்றோருக்குக் காசில்லாத வழி இரண்டு உண்டு. ஒன்று அங்கன்வாடி, இன்னொன்று மாநகராட்சிப் பள்ளியின் எல்கேஜி.

எங்கே நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்கள் என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் எல்கேஜி ஜெயித்துவிடும். எழுத்து, எண், ரைம்ஸ், வகுப்பில் உட்காரும் பழக்கம் எல்லாம் அங்கே வந்துவிடும். அப்படியே ஒன்றாம் வகுப்புக்கும் போய்விடலாம். அங்கன்வாடியில் பாட்டும் கதையும் விளையாட்டும்தான் பாடம். மூன்று வயதுக்கு அது தாராளம் என்பது என் கட்சி. பென்சில் பிடிக்கவே விரல் பழகாத பிள்ளை ஏபிசிடி எழுதி என்ன ஆகப்போகிறது?

பெற்றோருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் அங்கன்வாடி எங்கேயோ போய்விடுகிறது. எல்கேஜி மூன்று வயதில்தான் கதவைத் திறக்கும். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் வரும் அங்கன்வாடியோ, அம்மா கர்ப்பமாக இருக்கும்போதே பெயரைப் பதிந்துகொள்கிறது. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் சத்துமாவு. இரண்டு வயதிலிருந்து மதியச் சாப்பாடு, வாரம் 3 முட்டை. மாதாமாதம் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளி பச்சையில் இருந்தால் சரி. மஞ்சளுக்கு இறங்கினால், "என்னம்மா, காய்ச்சல் வந்துச்சா? ராத்திரி என்ன குடுக்குற?" என்று விசாரணை ஆரம்பித்துவிடும். எல்கேஜி மிஸ் இதைக் கேட்க மாட்டார்.

குறையும் இருக்கிறது. சில மையங்களில் ஒரே அறையில் சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம் நடக்கும். சேர்ப்பதற்கு முன் கழிப்பறையைப் பார்த்துவிடுங்கள். ஆறு மணி வரை ஆபீஸில் இருக்கும் அம்மாவுக்கு இரண்டுமே உதவாது. சாயங்காலத்துக்கு வீட்டில் ஆள் வேண்டும்.

என்னைக் கேட்டால், மூன்றரை வயது வரை அங்கன்வாடி, அப்புறம் எல்கேஜி. ப்ளே ஸ்கூல்தான் என்று முடிவு செய்தவர்களும் அதுவரை அங்கன்வாடியில் பெயரைப் பதிந்து எடை பார்க்கலாம்.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லையென்றால் மட்டும் இரண்டையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் காட்டுங்கள். முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்திலும் 2021 முதல் சின்னக் குழந்தைகளுக்கென்றே தனி மையம் இருக்கிறது. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். சரி என்று கேட்டுக்கொண்டே கிளம்பிவிடுங்கள்.