டிபிலிங்க்கா, ஃபாரின் டேபிளா? போடி–வண்டன்மேடு சர்வரை இணைச்ச அனுபவம்

போடில ஒரு ஏலக்காய் கமிஷன் கடைக்கு கணக்கு சாஃப்ட்வேர் பாத்துக்குறேன். பில்லு, பட்டுவாடா எல்லாம் போடி சர்வர்ல, மலைமேல வண்டன்மேட்டு குடோன்ல எடை போட்டு சரக்கு வாங்குற டேபிள் அங்கயே இருக்குற சர்வர்ல. ரெண்டும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். போடில இருந்துக்கிட்டே அங்க உள்ள இருப்பை நம்ம பில்லோட ஜாயின் பண்ணி, அதாவது ஒண்ணா சேத்துப் பாக்கணும், அவ்வளவுதான் தேவை. மொதல்ல மூணு வருஷம் டிபிலிங்க்ல (dblink) ஓட்டுனோம், இப்ப ஒன்றரை வருஷமா போஸ்ட்கிரெஸ் எஃப்டிடபிள்யூ (postgres_fdw), அந்தப் பக்கத்து டேபிளை இங்க ஃபாரின் டேபிளா காட்டுறது. என் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான், ஏன்னு சொல்றேன்.

ரெண்டுமே போஸ்ட்கிரெஸ் கூடவே வர்ற எக்ஸ்டென்ஷன், காசு கிடையாது, போடுறதும் ஒரு வரி. டிபிலிங்க் ரொம்பப் பழசு, எஃப்டிடபிள்யூ 2013ல 9.3 வெர்ஷனோட வந்தது. டிபிலிங்க்ல குவெரிய (டேட்டா கேக்குற கட்டளைய) ஒரு ஸ்ட்ரிங்கா எழுதி அந்தப் பக்கம் அனுப்புறோம், வர்ற காலம் (column, டேபிள்ல ஒரு பத்தி) என்னென்ன டைப்புன்னு ஒவ்வொரு தடவையும் நாமதான் பக்கத்துல எழுதணும். எஃப்டிடபிள்யூல சர்வர், யூசர் மேப்பிங் (எந்த யூசர், பாஸ்வேர்டுல அங்க போறதுங்கிறது), ஃபாரின் டேபிள்னு ஒரு தடவை சொல்லிட்டா அப்பறம் அது உள்ளூர் டேபிள் மாதிரியே.

முடிவு பண்ண வச்சது வேகம் இல்ல, பராமரிப்புதான். டிபிலிங்க் காலத்தை பேர் வச்சு பாக்காது, வரிசை வச்சுதான் பாக்கும், எண்ணிக்கை சரியா இருந்து மதிப்பு அந்த டைப்புக்குப் பொருந்துனா சத்தமே இல்லாம எடுத்துக்கும். ஒரு சீசன்ல வண்டன்மேட்டுப் பக்கம் டேபிளை புதுசா கட்டி டேட்டாவை ஏத்துனாங்க, அதுல மொத்த எடையும் நிகர எடையும் இடம் மாறிருச்சு, நாங்க செலக்ட் ஸ்டார்னு (எல்லா காலத்தையும் அங்க இருக்குற வரிசைலயே குடுன்னு) எழுதி வச்சிருந்தோம், அது எங்க தப்புதான். ரெண்டும் நம்பர், எர்ரரே வரல. சாக்கு எடையும் சேந்து நிகர எடையா பில்லுல ஏறி, நாலு நாள் கழிச்சு லாட் வாரியா ஒத்துப் பாக்குறப்பதான் இடிச்சது. சரக்கு கொண்டு வந்த விவசாயிக்குப் போற பணம் அது, அதுல நூறு கிராம் கூடக் குறைய இருக்கக்கூடாது. அன்னைக்கு ராத்திரி முழுக்க உக்காந்து ஒவ்வொரு லாட்டா திருத்துனோம்.

எஃப்டிடபிள்யூ அந்தப் பக்கம் போற குவெரில காலம் பேரைச் சொல்லித்தான் கேக்கும், அங்க வரிசை மாறினா ஒண்ணும் ஆகாது, காலம் பேரை மாத்திட்டா உடனே எர்ரர் அடிச்சு நிக்கும். தப்பான எடை வர்றதுக்கு நிக்கிறது எவ்வளவோ மேல். பாஸ்வேர்டும் அப்படித்தான், டிபிலிங்க்ல எங்களுக்கு பதினேழு ஃபங்ஷன்ல கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் சிதறிக் கிடந்தது, இப்ப யூசர் மேப்பிங்ல ஒரே இடம். (டிபிலிங்க்லயும் சர்வர் பேரைக் குடுத்து கனெக்ட் பண்ணலாம், அத நாங்க அப்ப செய்யல.) ஆனா அங்க புதுசா காலம் சேத்தா இங்க தானா வராது, நாமதான் ஆல்டர் பண்ணணும். மொதல் தடவை டேபிளை எழுதுறதுக்கு 9.5ல வந்த இம்போர்ட் ஃபாரின் ஸ்கீமா (அங்க உள்ள டேபிள் அமைப்பை எடுத்து இங்க தானா எழுதுற கட்டளை) போதும், வேணுங்கிற டேபிளை மட்டும் லிமிட் டூ போட்டு எடுங்க.

வேகத்துல ஒரே ஒரு விசயம் எங்களைப் படுத்துச்சு. "இன்னிக்கு வந்த சரக்கு" ரிப்போர்ட் நிமிசக்கணக்குல சுத்துச்சு, குவெரி எப்படி ஓடுதுன்னு காட்டுற எக்ஸ்ப்ளெய்ன் வெர்போஸ் போட்டு ரிமோட் எஸ்க்யூஎல் வரியப் பாத்தா தேதி கண்டிஷனே அந்தப் பக்கம் போகல. கரன்ட் டேட், நவ் மாதிரி ஃபங்ஷன் போட்டா அத அனுப்பாது, மொத்த டேபிளையும் இழுத்து வந்து இங்க வச்சு சலிக்கும். தேதிய ஆப்ல இருந்து மதிப்பாவே அனுப்புனதும் சரியாச்சு. ஃபெட்ச் சைஸ் (ஒரு தடவைக்கு எத்தனை வரி எடுத்து வரணும்ங்கிறது) சும்மா விட்டா 100 வரி, மலைக்கு மேல போய் வர்ற லைனுக்கு அது பத்தாது, நாங்க 5000 வச்சிருக்கோம். ரெண்டு ரிமோட் டேபிள் ஜாயின் 9.6ல இருந்தும், சம், கவுன்ட் எல்லாம் 10ல இருந்தும் அங்கயே நடக்கும், அதனால பழைய வெர்ஷன்ல இருந்தா மொதல்ல ஏத்திருங்க. எங்க டேபிள் சில லட்சம் வரிதான், கோடிக்கணக்குல வச்சு நான் ஓட்டிப் பாக்கல, போஸ்ட்கிரெஸ் இல்லாத டேட்டாபேஸோட இணைச்சும் பழக்கமில்ல.

டிபிலிங்க்கை முழுசா தூக்கிப் போடல. டிரான்ஸாக்‌ஷன் ரோல்பேக் ஆனாலும் (ரத்தாகி பழைய நிலைக்குப் போனாலும்) லாக் வரி (log, என்ன நடந்ததுங்கிற குறிப்பு) நிக்கணும்னா அதுக்கு டிபிலிங்க்தான், எஃப்டிடபிள்யூல எழுதுனது கூடவே ரோல்பேக் ஆயிரும். அந்தப் பக்கத்து ஃபங்ஷன நேரா கூப்பிடவும் அதுதான். ரெண்டு ஃபங்ஷன்ல மட்டும் இன்னும் இருக்கு.

ஆடி மழைல மலைமேல லைன் போயிட்டா ரெண்டுமே ஒண்ணுதான், குவெரி தொங்கும். அதுக்கு சர்வர் ஆப்ஷன்ல கனெக்ட் டைம்அவுட் 5 செகண்ட் வச்சோம், ஃபாரின் டேபிள் மேல ஒரு மெட்டீரியலைஸ்டு வியூ (அங்க உள்ள டேட்டாவை இங்கயே சேமிச்சு வைக்கிற நகல்) கட்டி ராத்திரி 10 மணிக்கு ரெஃப்ரெஷ் பண்றோம், லைன் இல்லாத நாள்ல கடைல நேத்து இருப்பையாவது பாத்துச் சொல்ல முடியுது.