வயலின் சொல்லித்தர ஜூம் போதுமா?

ஜூம் பற்றி நான் படித்த மதிப்புரைகள் பெரும்பாலும் அலுவலகக் கூட்டம் நடத்துகிறவர்கள் எழுதியவை. அவர்களுக்குப் பேச்சு புரிந்தால் போதும். எனக்கு வில் தந்தியில் உரசும் சத்தம் கேட்க வேண்டும். நான் வீட்டிலேயே வயலின் வகுப்பு நடத்துகிறவள். 2020 மார்ச்சில் எல்லாக் கதவும் மூடியபோது அந்த வருமானத்தைக் காப்பாற்றப் பிடித்த கருவி இது. இன்றும் சில மாணவர்களுக்கு இதில்தான் வகுப்பு. அதனால் பின்னணிப் படம், கையுயர்த்தும் பொத்தான் பற்றியெல்லாம் இங்கே எதுவும் இருக்காது. என் கேள்வி ஒன்றுதான்: இதை வைத்து வகுப்பு எடுத்துவிட்டு, கூசாமல் மாத ஃபீஸ் கேட்க முடியுமா?

முடியும். ஆனால் நிறுவியவுடன் இருக்கிற அமைப்பிலேயே விட்டால் முடியாது.

ஜூம் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பேச்சு விட்டுவிட்டு வரும். ஒரே சீராக நீண்டு ஒலிக்கும் எதையும் இரைச்சல் நீக்கும் வசதி மின்விசிறிச் சத்தமாக எடுத்துக்கொண்டு அமுக்கப் பார்க்கும். இசை வகுப்பில் ஒரே சீராக ஒலிப்பது எது? சுருதிதான். இந்தப் பக்கம் தம்பூரா ஓடிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் மாணவிக்கு அது போய்ச் சேராது. அவள் நீண்ட வில் போட்டால் நமக்குப் பாதியில் கரைந்துவிடும். வில் நடுங்குகிறது என்று நாம் திருத்திக்கொண்டிருப்போம். அங்கே வில் ஒழுங்காகத்தான் போயிருக்கும். இன்னொன்று, மைக்கின் ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி. மெல்ல வாசித்ததையும் அழுத்தி வாசித்ததையும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. பேச்சுக்கு நல்லது. வில்லின் அழுத்தத்தைச் சொல்லித்தரும் வகுப்பில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒலி அமைப்புகளுக்குள் போய் முதலில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் 'ஒரிஜினல் சவுண்ட்'. இந்தச் செயலி இசை ஆசிரியருக்குப் பயன்படுகிறது என்றால் இந்த ஒரு வசதியால்தான். இதை இயக்கினால் மைக் பிடித்த ஒலியைப் பெரும்பாலும் அப்படியே அனுப்பும். கணினியில் இதன் கீழே மூன்று தேர்வுகள் இருக்கின்றன. முதலாவது, 2020இன் பிற்பாதியில் வந்த உயர்தர இசை முறை: ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில், மோனோவாக, அதாவது ஒரே தடமாக, இருந்தால் வினாடிக்கு 96 கிலோபிட் வரை அனுப்பும். இணைப்பு தாங்கினால் இயக்குங்கள். வில் மாற்றுகிற இடம், விரல் அரைகுறையாக அழுந்திய ஸ்வரம், இதெல்லாம் காதுக்கு வந்துவிடும். இரண்டாவது ஸ்டீரியோ, ஒலியை இடம் வலம் என இரண்டு தடமாக அனுப்புவது. ஒரு மைக், ஒரு வயலின் வைத்திருக்கிறவர்களுக்கு இது வேண்டாம், டேட்டாதான் இரட்டிப்பாகும். மூன்றாவது எதிரொலி நீக்கம். இதை அணைத்தால் ஒலி இன்னும் இயல்பாக இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் ஹெட்ஃபோன் கட்டாயம். இல்லாவிட்டால் நம் குரல் அவர்கள் ஸ்பீக்கரில் புகுந்து, அவர்கள் மைக் வழியாக நமக்கே திரும்பி வரும். சின்னக் குழந்தைகள் ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அவர்களுக்கு எதிரொலி நீக்கம் இயங்கட்டும், விட்டுவிடுங்கள்.

கைபேசியில் இத்தனை தேர்வுகள் கிடையாது. 'ஒரிஜினல் சவுண்ட்' இயங்குகிறதா என்று ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஒரு கண் பார்ப்பது நல்லது. முக்கியமாக மாணவர் பக்கத்தில். நாம் கேட்க வேண்டியது அவர்கள் வாசிப்பதைத்தானே; மாற்ற வேண்டிய அமைப்பு அவர்கள் சாதனத்தில்தான் இருக்கிறது. பெற்றோருக்குப் படம் பிடித்து அனுப்பி, எங்கே தொட வேண்டும் என்று வட்டம் போட்டுக் காட்டினேன். பாதிப் பேர் செய்தார்கள். மீதிப் பேருக்கு முதல் வகுப்பையே அமைப்பு வகுப்பாக வைத்துவிட்டேன், அதற்கும் ஃபீஸ் உண்டு.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். அதன் தாமதம் ஒருபுறம் இருக்க, அதிலுள்ள மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் ஒலித்தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். கம்பி வைத்த பழைய இயர்ஃபோன் போதும்.

இனி, எந்த அமைப்பை மாற்றினாலும் தீராத விஷயம்: சேர்ந்து வாசிப்பது. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்கிறவரோடு வாசித்தால் 29 மில்லிவினாடி தாமதம். ஏறக்குறைய அதைத் தாண்டினாலே தாளம் இழுபட ஆரம்பித்துவிடும். சாதாரண வீட்டு இணைப்பில் வீடியோ அழைப்பின் தாமதம் இதைப் போலப் பல மடங்கு. பேசும்போது உறைக்காது, கை தட்டிப் பார்த்தால் தெரியும். ஜாமுலஸ், சோனோபஸ் என்று தாமதத்தைக் குறைப்பதற்கென்றே செய்த இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டும் நல்லவை. ஆனால் வைஃபையை விட்டுக் கம்பி இணைப்புக்கு வரவேண்டும், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் தனிப் பெட்டி) இருந்தால்தான் முழுப் பயன், இருவரும் வெகு தூரத்தில் இருக்கக் கூடாது. எட்டு வயதுப் பிள்ளையின் அம்மாவிடம் போய் இத்தனையும் கேட்க எனக்கு வாய் வராது.

ஆகவே தாமதத்தோடு வாழப் பழகினோம். காலப்பிரமாணம் தவறாமல் 'டிக் டிக்' என்று தட்டும் மெட்ரோனோம் எப்போதும் மாணவர் பக்கத்தில்தான் ஓட வேண்டும். நம் பக்கத்தில் ஓடவிட்டால், அது அவர்களிடம் போக ஒரு தாமதம், அவர்கள் வாசிப்பது நம்மிடம் வர இன்னொரு தாமதம். சரியாக வாசிக்கிற பிள்ளையும் பின்தங்குவதாகத்தான் கேட்கும். நான் வாசிக்க, அவர்கள் மைக்கை அணைத்துக்கொண்டு கூடவே வாசிக்கலாம். அவர்களுக்குச் சேர்ந்து வாசிக்கும் சுகம் கிடைக்கும், எனக்கு ஒன்றும் கேட்காது. குழு வகுப்பை இந்த முறையில் நடத்தலாம். நடத்தினேன், சலிப்பாகத்தான் இருந்தது.

குழு வகுப்பை அதனால் பிரித்தேன். தொழில் பிழைத்தது அங்கேதான். முன்பு எல்லாரும் சேர்ந்து ஒரு மணி நேரம். பிறகு ஒவ்வொருவருக்கும் தனியாக இருபது நிமிடம் ஜூமில். வகுப்புக்கு முதல் நாள் அவர்கள் இரண்டு நிமிடம் வாசித்துக் கைபேசியில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பதிவில் அழைப்பின் தொல்லைகள் எதுவும் இல்லை. சாதாரணக் கைபேசிப் பதிவுகூட நேரலையைவிடத் தெளிவாக இருக்கும். சுருதி விலகல், தாளப் பிசகு எல்லாம் அதில் கேட்டுக் குறித்துக்கொள்வேன். நேரலை முழுக்கத் திருத்தத்துக்கு. சேர்ந்து வாசிப்பதற்கு நான் வாசித்த பதிவு ஒன்றை, மெதுவான காலத்திலும் இயல்பான காலத்திலும், அனுப்பிவிடுவேன்.

சில பெற்றோருக்கு இருபது நிமிடம் என்றதும் முகம் சுருங்கியது. பதிவு கேட்கிற நேரமும் வகுப்புதான் என்று எழுதிக் கொடுத்தேன். குறித்த திருத்தங்களை வாரா வாரம் செய்தியாக அனுப்பினேன். கணக்கு கண்ணுக்குத் தெரிந்ததும் கேள்வி நின்றது. வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்கியதை மாதத்துக்கு இவ்வளவு, முன்கூட்டியே, என்று மாற்றியதும் அப்போதுதான். 'இன்றைக்கு நெட் இல்லை டீச்சர்' என்று வந்தால், அந்த வாரம் பதிவு வழிப் பாடம். பணம் திரும்ப இல்லை. மிகச் சின்னப் பிள்ளைகளை என்னால் தக்கவைக்க முடியவில்லை. கையைப் பிடித்து வில்லைப் பழக்க வேண்டிய வயதில் திரை உதவாது.

சுருதி சேர்ப்பது தனித் துன்பம். தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகத் தெரியாத அப்பாவிடம் திரை வழியாக 'கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போதும்' என்று சொல்வதற்குள் தந்தி போய்விடும். டியூனர் செயலியும் ஒரு செட் உபரித் தந்தியும் எல்லார் வீட்டிலும் இருந்தாக வேண்டும் என்பதை விதியாகவே வைத்தேன். கேமராவை வில் பிடிக்கும் கைப்பக்கம், தந்தி உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, வில் கோணலாகப் போவது தெரிய வேண்டும். விரல்களைக் காட்ட இரண்டாவது கைபேசியை அதே கூட்டத்தில் சேர்க்கலாம், ஆனால் அதில் ஆடியோவை இணைக்கக் கூடாது. இணைத்தால் ஊளைதான்.

ஃபீஸ் கணக்குப் பார்க்க வகுப்பு நிர்வாகச் செயலி ஒன்றையும் ஆண்டுச் சந்தாவில் எடுத்தேன். பெயர் வேண்டாம். மாணவர்கள் குறைந்து, பாதியில் நிறுத்தக் கேட்டபோது மீதித் தொகை வராது என்றார்கள். விரிதாளே போதுமாக இருந்தது.

ஜூம் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடம். முதலில் இருவர் மட்டும் பேசுவதற்கு அந்த வரம்பு இல்லை, 2022 மே மாதத்திலிருந்து அதற்கும் வந்துவிட்டது. இருபது நிமிடத் தனி வகுப்புக்கு இலவசக் கணக்கே தாராளம். ஒரு மணி நேரக் குழு வகுப்பு வைத்தே ஆக வேண்டும் என்றால் கட்டணத் திட்டம் எடுங்கள், ஆனால் மாதாமாதம் கட்டும் திட்டமாக. ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் மலிவுதான். அடுத்த மாதம் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று தெரியாத நிலையில் அந்த மலிவு உங்களுக்கு வேண்டாம்.