டீயா, காபியா: எலும்பு முறிவுக் கணக்கில் எது தேவலாம்?

டெக்ஸா ஸ்கேனில் எலும்பு அடர்த்தி குறைவு என்று வந்துவிட்டால், பல வீடுகளில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ முதலில் நிறுத்தப்படுவது டீயும் காபியும்தான். காஃபின் சிறுநீர் வழியாகக் கால்சியத்தை வெளியேற்றும் என்று காரணம் சொல்வார்கள். வெளியேற்றுவது உண்மைதான். ஆனால் ஒரு கப் காபிக்கு உடல் இழப்பது சுமார் 2 முதல் 3 மி.கி. கால்சியம். ஒன்றிரண்டு மேசைக்கரண்டிப் பால் சேர்த்தாலே அது ஈடாகிவிடும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைப்பது நாளுக்கு 1,200 மி.கி. கால்சியம். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த 3 மி.கி. எவ்வளவு சிறியது என்பது தெரியும்.

முதலில் டீயை எடுத்துக்கொள்வோம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 75 வயதைக் கடந்த 1,188 பெண்களை 10 ஆண்டுகள் கவனித்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். நாளுக்கு 3 கப்போ அதற்கு மேலோ டீ குடித்தவர்களுக்கு, வாரத்துக்கு ஒரு கப்புக்கு மேல் குடிக்காதவர்களைவிட எலும்பு முறிவு அபாயம் சுமார் 30% குறைவு. தேயிலையில் உள்ள ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரச் சத்துகள் எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி, கட்டும் செல்களுக்கு உதவுகின்றன என்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த விஷயம். அதனால் இந்த முடிவு நம்பக்கூடியதாகவே இருக்கிறது. ஆனால் 2003-இல் 91,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களை வைத்துப் பார்த்தபோது, டீ குடித்தவர்களுக்கு எலும்பு அடர்த்தி ஒரு துளி கூடுதலாக இருந்தது, முறிவுகள் குறையவில்லை. இவை இரண்டும் மக்களின் பழக்கத்தைக் கவனித்துச் சொன்னவை. சிலரை டீ குடிக்கவும் சிலரைக் குடிக்காமல் இருக்கவும் வைத்துச் சோதித்தவை அல்ல. தினம் நாலு முறை எழுந்து டீ போட்டுக் குடிக்கிற அளவுக்குத் தெம்புள்ள பாட்டிக்கு, டீ இல்லாமலே எலும்பு உறுதியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

காபியின் கதை கொஞ்சம் வேறு. சுவீடனில் 61,433 பெண்களிடம் நடந்த ஆய்வு 2013-இல் வந்தது. நாளுக்கு 4 கப்போ அதற்கு மேலோ காபி குடித்தவர்களுக்கு, ஒரு கப்புக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட அடர்த்தி 2 முதல் 4% வரை குறைந்திருந்தது. முறிவு அபாயம் கூடவில்லை. அதற்கு முன்பே, 1994-இல் கலிபோர்னியாவில் 980 பெண்களிடம் பார்த்ததில் நம்மூருக்கு மிகவும் பொருந்தும் ஒன்று தெரிந்தது. ஆயுள் முழுக்கத் தினம் இரண்டு கப் காபி குடித்தவர்களுக்கு அடர்த்தி குறைந்தது உண்மை. ஆனால் தினம் ஒரு டம்ளர் பாலாவது குடித்தவர்களிடம் அந்தக் குறைவு தென்படவில்லை.

ஆக, மேல்நாட்டுக் காபிக்குச் சொன்ன எச்சரிக்கையை நம் ஃபில்டர் காபிக்கு அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. 30 மி.லி. டிக்காஷனுக்கு 100 மி.லி. பால் ஊற்றினால் அந்த டம்ளரில் ஏறத்தாழ 120 மி.கி. கால்சியம் இருக்கிறது. பாதிக்குப் பாதி பால் விட்ட 120 மி.லி. டீயில் 70 மி.கி. கிடைக்கும். பால் விஷயத்தில் ஃபில்டர் காபி டீயை முந்துகிறது; காஃபின் விஷயத்தில் டீ பாதுகாப்பானது, கப்புக்குக் கப் அதில் பாதியளவுதான் இருக்கும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் 2 டம்ளர் ஃபில்டர் காபிக்கும் 3 டீக்கும் இடையே எலும்பைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை என்பதே எங்கள் முடிவு. பால் விடாத கடுங்காபியை நாளுக்கு ஐந்தாறு முறை குடிப்பவர்கள்தான் குறைத்துக்கொள்ள வேண்டியவர்கள். பாலில் தண்ணீர் தாராளமாக இருக்கும் கடை டீயைக் கால்சியக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

பால் சேர்த்தால் டீயின் நற்குணம் போய்விடும் என்று சொல்வதுண்டு. பாலின் புரதம் ஃபிளேவனாய்டுகளோடு ஒட்டிக்கொள்வது உண்மை. இருந்தும், இங்கிலாந்தில் 65 முதல் 76 வயதுள்ள 1,256 பெண்களைச் சோதித்த 2000-ஆம் ஆண்டு ஆய்வில், டீ குடிப்பவர்களின் கூடுதல் அடர்த்தி பால் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் மாறவில்லை. கிரீன் டீயை எலும்புக்காக வாங்கத் தேவையில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு வருடம் கிரீன் டீ சாறு மாத்திரை கொடுத்து அமெரிக்காவில் முறையாகச் சோதித்தபோது அடர்த்தியில் மாற்றம் இல்லை. நாளுக்கு 800 மி.கி. அளவுக்கு அதன் முக்கியச் சத்து உள்ள மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால், காப்சூல் பக்கமே போக வேண்டாம்.

டீ தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது: ஃபுளோரைடு. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். முற்றிய இலையில் அது அதிகம். கொழுந்தில் குறைவு. முற்றிய இலை கலந்த மலிவுத் தூளில் போட்ட டீயில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் வரை இறங்கும். நாளுக்கு மூன்று சிறிய கிளாஸ் என்றால் கவலை இல்லை. அமெரிக்காவில் 17 ஆண்டுகள் தினம் 100 முதல் 150 டீ பைகளைப் போட்டுக் குடித்த 47 வயதுப் பெண்ணுக்கு எலும்பு ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து எலும்பைக் கெடுக்கும் நோய்) வந்ததை 2013-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அது உச்சக்கட்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே ஃபுளோரைடு அளவு மீறியிருப்பதால், அந்த நீரில் போட்ட டீயில் இரண்டும் சேர்ந்துகொள்ளும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும். அப்படிப்பட்ட ஊர்களில் டீக்கும் சமையலுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையோ ஆர்.ஓ. நீரையோ பயன்படுத்த வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபுளோரைடு எலும்பை ஸ்கேனில் அடர்த்தியாகக் காட்டும், உள்ளே நொறுங்கும் தன்மையைக் கூட்டும். 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் தினம் 75 மி.கி. சோடியம் ஃபுளோரைடு கொடுத்தபோது இடுப்புக்கு மேல் முதுகெலும்பு அடர்த்தி 35% ஏறியது. முதுகெலும்பு முறிவு கணிசமாகக் குறையவில்லை. மற்ற எலும்பு முறிவுகள் கூடின. ஒரு பானம் அடர்த்தியைக் கூட்டுகிறது என்று படித்தால், முறிவைக் குறைத்ததா என்றும் தேடிப் பாருங்கள்.

கடைசியாக, எதைக் குடித்தாலும் நேரம் தப்பினால் கெடுதல். எலும்புப்புரைக்கு வாரம் ஒரு முறை 70 மி.கி. அலென்ட்ரோனேட் மாத்திரை எடுப்பவர்கள், காலையில் வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் படுக்காமல் இருந்து, பிறகுதான் டீயோ காபியோ தொட வேண்டும். காபியோடு விழுங்கினால் உடலில் சேரும் மருந்து சுமார் 60% குறைந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சேர்க்கக் கூடாது. இரவு 7 மணிக்கு மேல் குடித்த டீயால் நடுநிசியில் எழுந்து, ஈரமான குளியலறையில் வழுக்கி விழும் வயதானவர்களின் இடுப்பு எலும்புக்கு, எந்த ஃபிளேவனாய்டும் துணைக்கு வராது. அவர்களுக்கு மாலை 5 மணி டீதான் அன்றைய கடைசி டீ.