பிள்ளைகள் நூற்கப் பழக: தக்ளியா, பெட்டி ராட்டையா?

பிள்ளைகளுக்கு நூற்கச் சொல்லித்தர நினைப்பவர்கள் பலர் எடுத்த எடுப்பில் பெட்டிக்குள் மடங்கும் கைராட்டையான பெட்டி ராட்டையை வாங்கிவிடுகிறார்கள். அது நல்ல கருவிதான், ஆனால் எட்டு ஒன்பது வயதுக்கு முதலில் தர வேண்டியது தக்ளி. சாண் நீளக் கம்பி, அடியில் பித்தளை வட்டு, நுனியில் கொக்கி, அவ்வளவுதான். 1937 வார்தா கல்வி மாநாட்டுக்குப் பின் வந்த, கைத்தொழில் வழியே கற்பித்த ஆதாரக் கல்விப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் நூற்றது இதில்தான். வாங்குமுன் ஒரு தட்டில் சுழற்றிப் பாருங்கள். நுனி ஆடினால் கம்பி வளைந்திருக்கிறது. அதில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். வகுப்பில் கொட்டாங்குச்சிக்குள் நிறுத்திச் சுழற்றினால் தக்ளி நழுவி ஓடாது.

தோல்வி பெரும்பாலும் பஞ்சில்தான் தொடங்குகிறது. மருந்துக்கடைப் பஞ்சில் இயற்கை மெழுகை நீக்கியிருப்பார்கள். இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் பிரியாது, கொத்தாக வரும். இலவம் பஞ்சு அதைவிட மோசம். அதன் இழை வழவழப்பானது, பருத்தி இழையில் உள்ள இயல்பான திருகல் அதில் கிடையாது, ஒன்றையொன்று பற்றவே பற்றாது. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி கொட்டையோடு கிடைத்தால் அதையே வாங்குங்கள். மணைப் பலகையில் பஞ்சை வைத்து இரும்புக் கம்பியை அழுத்தி உருட்டினால் கொட்டை தனியே துள்ளி விழும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் வேலை இது! பிறகு நாய்க்கு முடி வாரும் கம்பி பிரஷ் இரண்டால் சிக்கெடுத்து, பென்சிலில் தளர்வாகச் சுற்றி உருவினால் பட்டை, அதாவது நூற்பதற்கான பஞ்சுச் சுருள், தயார். இறுக்கிச் சுற்றினால் இழை வராது.

தக்ளியில் சீரான நூல் வரத் தொடங்கிய பிறகு பெட்டி ராட்டைக்குப் போகலாம். எரவாடா ராட்டை என்று பெயர் பெற்றதும் இதுதான். வலது கை பெரிய சக்கரத்தைச் சுற்ற, இடது கை பட்டையைக் கதிர் (நூலை முறுக்கிச் சுற்றும் கம்பி) நுனியிலிருந்து சாய்வாகப் பின்னிழுக்க வேண்டும். இரண்டு அடி வந்ததும் இழுப்பதை நிறுத்தி, முறுக்கு ஏற இன்னும் சில சுற்று. பிறகு சக்கரத்தைச் சற்றே பின்னோக்கிச் சுற்றி நுனியில் சுருண்டதை அவிழ்த்து, நூலைக் கதிருக்குச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிவிட வேண்டும். இந்தப் பின்சுற்றைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். மறந்தால் நுனியிலேயே சிக்கு.

பெட்டி ராட்டையின் பலவீனம் சக்கரத்திலிருந்து கதிரை ஓட்டும் கயிறு. நாள்பட நெகிழும், நெகிழ்ந்தால் கதிர் நின்று நின்று ஓடும். மாற்றுக்கயிறும் கூடுதல் கதிர்களும் இல்லாத பெட்டியை வாங்க வேண்டாம். கயிற்றில் தேன்மெழுகு தேய்த்தால் பிடிப்பு வரும், கதிர் தாங்கிக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். கயிற்றில் எண்ணெய் பட்டால் உடனே மாற்றுங்கள். கதிர் நுனி கூர்மையானது. வேலை முடிந்ததும் அழிரப்பர் துண்டு ஒன்றைக் குத்தி வையுங்கள்.




நூற்ற நூலைத் தளர்த்திப் பிடித்தால் தானாகச் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, கொதிநீரில் அரைமணி நேரம் வைத்து, நிழலில் உலர்த்தினால் முறுக்கு அடங்கிவிடும். அதற்குப் பிறகுதான் நெய்யவோ பின்னவோ கொடுக்க வேண்டும்.